என் வண்டிக்கு இரண்டே பெடல்

நான்கு சக்கரத்துக்கும் முன்னால் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. பூசணிக்காய் சுற்றி உடைத்தாகிவிட்டது. வண்டியின் மூக்கில் சம்பங்கி மாலை. அம்மா கற்பூரத் தட்டோடு இடது பக்கம், அண்ணன் கைகட்டி வலது பக்கம். வேப்பமரத்தடியில் ஜமால் பாய், கிரீஸ் துணியை ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கிறார்.

நான் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கு இந்த வண்டி ஒழுங்காக நகர்ந்தால் நான் டிரைவர். நகராவிட்டால் ஆயுசுக்கும் பக்கத்து சீட்டுதான்.

"கண்ணு, எடு. நேரம் போகுது" என்றார் அண்ணன்.

சாவியைத் திருகினேன். எஞ்சின் ஒரே தடவையில் பிடித்தது. லீவரை டி-க்கு இழுத்தேன்.

கொஞ்சம் பொறுங்கள். இந்த இடத்தில் வண்டியை நிறுத்தி வைத்துவிட்டுப் பழைய கதைக்குப் போக வேண்டியிருக்கிறது. தென்னை நாற்றுப் பண்ணை பற்றி இந்தத் தொடரில் நான் எழுதிய வாரத்துக்குப் பிறகு தாராபுரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "கால் அப்படி என்கிறீர்கள், லோடு வண்டியும் ஓட்டினேன் என்கிறீர்கள். இரண்டில் எது பொய்?" இரண்டும் நிஜம் அம்மணி. அதைச் சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

மலையிலிருந்து இறங்கிய வண்டி

அது ஒரு அமெரிக்கப் பிக்கப். வால்பாறைக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் எந்தக் காலத்திலோ துரை ஒருவர் வரவழைத்து ஓட்டிய வண்டி. அவர் ஊருக்குப் போய், அவருக்குப் பின் வந்தவர்களும் போய், தேயிலை மூட்டையும் விறகும் சுமந்து, கடைசியில் ஷெட்டில் கோழி அடைய ஆரம்பித்தபோது எங்கப்பா பார்த்திருக்கிறார். தேங்காய் ஏற்ற ஆகும் என்று வாங்கி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். பாசிப்பச்சை நிறம். முன்பக்கம் கன்னம் உப்பிய குழந்தை மாதிரி இருக்கும்.

அதன் விசேஷம் வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. கீழே பிரேக் உண்டு, ஆக்ஸிலேட்டர் உண்டு. கிளட்ச் கிடையாது. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். லீவரை டி எழுத்துக்கு இழுத்தால் முன்னால் போகும், ஆர் என்றால் பின்னால்.

எனக்கு மூன்று வயதில் போலியோ வந்தது. இடது கால் இருக்கிறது, ஆனால் அதற்கு என்னோடு பேச்சுவார்த்தை இல்லை. இரும்புப் பட்டை கட்டிய ஷூவை மாட்டிக்கொண்டு ஊன்றி நடப்பேன். சைக்கிள் இல்லை, மொபெட் இல்லை. எங்கே போவதென்றாலும் யாராவது மனசு வைக்க வேண்டும். மனசு வைக்கிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். நல்லவர்களுக்காகக் காத்திருந்து காத்திருந்தே எனக்கு இருபது வயது ஆகிவிட்டது.

ஒருநாள் அப்பா சாவியை என் மடியில் போட்டார். "ரெண்டு பெடலுக்கு ஒரு காலு போதுமல்ல" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. எனக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. களத்தில் காயப்போட்ட கொப்பரையைச் சுற்றி நாலு நாள் ஓட்டினேன். ஐந்தாம் நாள் கொப்பரை மேலேயே ஓட்டினேன். ஆறாம் நாள் ரோட்டுக்குப் போய்விட்டேன்.

லைசென்ஸ் வாங்கப் போன கதையை இங்கே சொல்லாவிட்டால் அது வேறெங்கும் பொருந்தாது. பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். மறுபடி குனிந்து பார்த்தார். "கிளட்ச் எங்கம்மா?" "இல்லீங்க." "இல்லாம எப்படிம்மா?" என்று அவரே ஏறி உட்கார்ந்தார். மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். இறங்குவார் என்று பார்த்தால் இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார். தேர்க்கடையில் ராட்டினம் ஏறினவர் முகம் அது. அதற்குப் பிறகுதான் எனக்குப் பரீட்சை வைத்தார்.

அன்றிலிருந்து பன்னிரண்டு வருஷம் ஓட்டினேன். அப்பா போன பிறகு நாற்றுப் பண்ணையை நான் எடுத்து நடத்தினேன். தென்னங்கன்றை ஏற்றிக்கொண்டு உடுமலை, பல்லடம், ஆனைமலை என்று நான் போகாத தோட்டம் இல்லை. "கன்னுக்கார அம்மணி வந்துட்டாங்க" என்று வேலிப்படலைத் திறப்பார்கள். நொண்டி என்ற பேர் எனக்கு எப்போது மறைந்தது என்று கவனிக்கக்கூட நேரமில்லை.

ஆழியாறு ரோட்டில்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வைகாசி. ஆழியாறு ரோட்டில் வந்துகொண்டிருக்கிறேன். எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சத்தம் மட்டும் மேலே போகிறது. கீழிருந்து தீய்ந்த வாடை. புகைந்த பால் வாடை மாதிரி, ஆனால் பத்து மடங்கு.

பின்னால் வால்பாறை பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி வந்தார். "ஏனுங்க, தள்ளி உடட்டுங்களா?"

"தள்ளினா ஆகாதுங்க. இது கியர்பாக்ஸ் போயிருச்சு. எஞ்சின் ஓடிக்கிட்டுத்தான் இருக்குது."

"அதனால என்னங்க, ஒரு தள்ளுத் தள்ளிப் பாப்போம்."

எங்கள் பக்கம் வண்டி நின்றால் தள்ளாமல் தாண்டிப் போவது மரியாதைக் குறைச்சல். பஸ்ஸிலிருந்து இருபது பேர் இறங்கிவிட்டார்கள். வேண்டாமுங்க, வேண்டாமுங்க என்று நான் கத்தக் கத்த ஒரு பர்லாங் தள்ளினார்கள். எனக்கு ஸ்டீயரிங்கைப் பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. கடைசியில் ஒரு பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டு, "இதுக்கு மேல ஆகாதுங்க அம்மணி, கியர்பாக்ஸா இருக்கும் போலிருக்குது" என்றார். நான் கும்பிடு போட்டேன்.

வண்டியைப் பொள்ளாச்சி வீட்டுக்கு டிராக்டர் இழுத்து வந்தது. வீட்டில் அன்றைக்கே சண்டை.

வேலுச்சாமி அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். கெட்ட வார்த்தை பேசத் தெரியாது, பிடித்த முயலுக்கு மூன்று காலை விட்டுக்கொடுக்கவும் தெரியாது. "அந்த டப்பாவுக்கு எங்க கண்ணு சாமான் கெடைக்கும்? ஜீப் கியர்பாக்ஸ் போட்டுரலாம். கிளட்ச் வெச்சுக்கலாம். நல்ல டிரைவர் ஒருத்தரைப் போட்டுத் தாரேன். நீ சொகமா பக்கத்துல உக்காந்து போ."

"எனக்குப் பக்கத்துல உக்கார வேண்டாமுங்ணா."

"உன்ர நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என்ர நல்லதை ஒருத்தரும் என்கிட்டக் கேக்கறதே இல்லீங்ணா."

அன்று மாலை இருவரும் ஒரே பந்தியில் சாப்பிட உட்கார்ந்தோம். ரசம் ஊற்றும்போது அம்மா நடுவில் ஒரு கெடு வைத்தார். ஆடி பிறந்தால் எங்கள் வீட்டில் வண்டிக்குப் பூஜை போட மாட்டார்கள். ஆனி முடிவதற்குள் பழையபடி கிளட்ச் இல்லாமல் ஓடினால் வண்டி எனக்கு. இல்லாவிட்டால் அண்ணன் சொன்ன மாதிரி ஜீப் கியர்பாக்ஸ், டிரைவர். இருவரும் தலையாட்டினோம். அண்ணன் தலையாட்டியதில் எனக்குத் தோல்வி நிச்சயம் என்ற நம்பிக்கை தெரிந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

உக்கடத்து ஜமால் பாய்

கோயமுத்தூரில் நான் விசாரித்த ஆறு மெக்கானிக்கும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "கிளட்ச் கியர் போட்டுக்குங்க." ஏழாவது ஆள் ஜமால் பாய். உக்கடத்தில் பட்டறை. வயது என்னைவிட இரண்டு மூன்று கூட இருக்கலாம். லாரி கியர்பாக்ஸ் என்றால் அவரிடம்தான் போவார்கள்.

"ஆட்டோமேட்டிக் பிரிச்சிருக்கீங்களா பாய்?" என்று கேட்டேன்.

"பார்த்ததே இல்லீங்க அம்மணி."

இத்தனை பேரில் தெரியாது என்று சொன்ன முதல் ஆள். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துப்போயிற்று.

வண்டியை லாரியில் ஏற்றி அவர் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பழைய கியர்பாக்ஸைப் பிரித்துப் பரப்பினார். தட்டுகள் எல்லாம் கருகி அப்பளம் மாதிரி நொறுங்கின. அடியில் ஒரு அலுமினியக் கட்டி. அது முழுக்க வளைந்து வளைந்து போகும் சந்துகள், நடுநடுவே ஸ்பிரிங் வைத்த குட்டிக் குட்டித் தண்டுகள். பாய் தலையில் கை வைத்துவிட்டார். "இதென்னங்க, ஒப்பணக்கார வீதிய விட சந்து ஜாஸ்தியா இருக்குது."

எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. பன்னிரண்டு வருஷம் நாற்றங்காலுக்குத் தண்ணி பாய்ச்சியவள் நான். "பாய், இது வாய்க்காலுங்க. ஆயில்தான் தண்ணி. இந்தத் தண்டு ஒவ்வொண்ணும் மடை. இந்த மடை தொறந்தா ஒண்ணாம் கியருக்குப் பாயும். வேகம் ஏறுனா அதை அடைச்சுப்போட்டு அடுத்த மடை தொறக்கும்."

பாய் ஒரு தண்டை விரலால் தள்ளினார். விட்டார். மறுபடி தள்ளினார். "அப்போ உள்ள மடை திருப்பற தண்ணிக்காரன் ஒருத்தன் உக்காந்திருக்கான்னு சொல்லுங்க" என்று சிரித்தார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பாகத்தைத் 'தண்ணிக்காரன்' என்றேதான் சொன்னார். இன்றைக்கும் எனக்கு அதன் சரியான பேர் தெரியாது.

பழையது இனி ஆகாது என்று தெளிவாகிவிட்டது. வேறொன்று வேண்டும். மூன்று வாரம் தேடினோம். பழைய இரும்புக் கடைகள் ஒவ்வொன்றாக நான் ஷூவைத் தட்டித் தட்டி ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு கடையின் பின்கட்டில், மில்காரர் யாரோ வெளிநாட்டிலிருந்து வரவழைத்து மரத்தில் மோதிய ஒரு ஜப்பான் கார் கிடந்தது. முகம் போய்விட்டது. வயிறு நன்றாக இருந்தது. பாய் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது முகமெல்லாம் தூசி, பல் மட்டும் தெரிந்தது. "இருக்குதுங்க அம்மணி. நம்ம ஆளு உள்ள இருக்கான்."

அமெரிக்க எஞ்சினுக்கும் ஜப்பான் கியர்பாக்ஸுக்கும் சம்பந்தம் பேசுவது லேசில்லை. ஒன்றின் போல்ட் ஓட்டைக்கும் மற்றதின் ஓட்டைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நடுவில் ஒரு தட்டு வார்க்க வேண்டும். அதற்கு அளவு எடுக்க கெட்டி அட்டை தேடினார் பாய். பட்டறையில் பழைய தினசரி காலண்டர் அட்டை ஒன்று தொங்கியது. கத்தரியைக் கொண்டுபோனவர் நின்றுவிட்டார். "முருகன் படமுங்க. நான் வெட்ட மாட்டேன்."

"பின்பக்கமா அளவெடுங்க பாய், நான் வெட்டறேன்" என்றேன்.

"நீங்க மட்டும் வெட்டலாமுங்களா? அதும் வேண்டாம்."

படத்தைத் துடைத்து மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு, பக்கத்துக் கடையில் போய் மோட்டார் பம்ப் படம் போட்ட காலண்டர் கேட்டு வாங்கி வந்தார். அட்டையில் கிரீஸ் தடவி எஞ்சின் முகத்தில் அழுத்தி எடுத்தோம். ஓட்டைகள் வட்ட வட்டமாகப் பதிந்தன. அதை வைத்துக் கணபதிப் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் மரத்தில் அச்சு செய்து, வார்த்து, லேத்தில் கடைந்து வாங்கினோம். கோயமுத்தூரில் பம்ப் வார்க்கத் தெரிந்த கைகளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டையும் நாலு விரல்கடை அறுத்துக் குட்டையாக்கினார் பாய்.

பொருத்துகிற நாளில் நானும் இருந்தேன். கியர்பாக்ஸின் முன்னால் பூசணிக்காய் அளவில் ஒரு உருண்டை உண்டு. எஞ்சின் சுற்றுவதை எண்ணெய் வழியாக உள்ளே கொடுப்பது அதுதான். அது கடைசி வரை உட்கார வேண்டும். பட்டறை ஆள் ஒருவர், "போல்ட்ட முடுக்குனா தானா உள்ள போயிருமுங்க" என்றார். பாய் கையை ஓங்கிவிட்டார். "முடுக்கினா உடைஞ்சிரும். கொஞ்சணும்டா." உருண்டையைக் கட்டிப்பிடித்து மெல்ல மெல்லத் திருகினார். 'டக்' என்றது. இன்னும் திருகினார். மறுபடி 'டக்'. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். மூன்றாவது 'டக்' வந்ததும் பாய் தரையிலேயே உட்கார்ந்து, டீ வாங்கி வரச் சொன்னார். அத்தனை ருசியான டீயை நான் அதற்குமுன் குடித்ததில்லை.

கிரேன் ரிப்பேர்க் கடையில் பிடித்த சிவப்பு ஆயிலை ஊற்றினோம். வண்டி நகர்ந்தது. கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சிக்குப் பாயே ஓட்டிக்கொண்டு வந்தார். வாசலில் இறங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "இடது காலுக்கு வேலையே இல்லீங்க. சும்மா வெச்சுக்கிட்டு வர்றதுக்கே கூச்சமா இருந்துச்சு."

"எனக்குப் பழகிப்போச்சுங்க பாய்" என்றேன். நான் சிரிப்பதைப் பார்த்து அவரும் விழுந்து விழுந்து சிரித்தார்.

அன்று ஆனி இருபத்தொன்பது. மறுநாள் காலையே பூஜை.

நசுங்காத பழங்கள்

இப்போது வேப்பமரத்தடிக்கு வந்துவிடலாம். லீவரை டி-க்கு இழுத்தேன். ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.

வண்டி விருட்டென்று பின்னால் போனது.

நான் பிரேக்கைத் தேடுவதற்குள் வைக்கோல்போர் எங்களைத் தாங்கிக்கொண்டது. 'பொத்' என்று ஒரு சத்தம். பாதிப் போர் சரிந்து வண்டிக்குள் விழுந்தது. கண்ணாடியில் வைக்கோல், மடியில் வைக்கோல், வாயில் வைக்கோல். எதிரே வாசலில் முன்சக்கரத்துப் பழம் இரண்டும் நசுங்காமல் பளபளவென்று உட்கார்ந்திருந்தன. அம்மா கையில் கற்பூரம் அணைந்துவிட்டது.

"சகுனமே சரியில்ல" என்றார் அண்ணன். குரலில் கோபமில்லை, பயம்தான். "போதும் கண்ணு. எறங்கு. கிளட்ச் கியர் போட்டுக்கலாம்."

நான் ஸ்டீயரிங்கை விடவில்லை. பாய் மரத்தடியிலிருந்து ஓடி வந்து கதவு வழியாகத் தலையை உள்ளே விட்டார். ஸ்டீயரிங் தண்டில் இருந்த எழுத்துப் பட்டையைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போனது.

"பிளாஸ்திரி எங்கீங்க?"

விஷயம் இதுதான். பழைய பாக்ஸில் எழுத்துகள் என், டி, எல், ஆர் என்ற வரிசை. புதியதில் நிறுத்தி வைக்க ஒன்று, அடுத்தது ரிவர்ஸ், பிறகு நியூட்ரல், நான்காவதுதான் முன்னால் போக. பழைய டி இருந்த இடத்தில் இப்போது ரிவர்ஸ். பழைய ஆர் இருந்த இடத்தில் முன்கியர். மருந்துப் பிளாஸ்திரியை நறுக்கி, பேனாவால் புது எழுத்து எழுதி, பழைய எழுத்தின் மேல் பாய் ஒட்டியிருந்தார். முந்தின நாள் என்னிடம் காட்டவும் செய்தார். பன்னிரண்டு வருஷப் பழக்கம், பூஜைப் படபடப்பு, கண் எதிரே பழைய எழுத்து. கை பழைய இடத்துக்கே போய்விட்டது.

"பிளாஸ்திரியா?" என்றார் அண்ணன் மெதுவாக. "அழுக்குப் பிடிச்ச துணி ஒண்ணு ஒட்டியிருந்துச்சு. பூஜைக்கு வண்டி சுத்தமா இருக்கோணுமேன்னு... காலையில நாந்தான் கழுவுனேன்."

வீட்டில் எந்த வண்டிக்குப் பூஜை என்றாலும் கழுவிவிட ஆள் வைக்கிறவர் அவர். எனக்குப் பிடிக்காத டிரைவரைப் போட நின்றவர், தோற்றுப்போவேன் என்று நம்பியவர், விடியற்காலை எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் வண்டியைத் தன் கையால் தேய்த்துக் கழுவியிருக்கிறார். மூலை முடுக்கு விடாமல். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

"ஏனுங்ணா, சகுனத்தைக் கழுவி உட்டதே நீங்கதானா?"

அம்மா முதலில் சிரித்தார். பிறகு பாய். கடைசியில் அண்ணனுக்கும் மீசை துடித்துவிட்டது.

பாய் நகர்ந்து நின்று, "கடைசி எழுத்துக்கு இழுங்க அம்மணி" என்றார். இழுத்தேன். பழைய ஆர். பெடலில் பாதத்தை வைத்தேன். வைக்கோலை உதிர்த்துக்கொண்டு வண்டி முன்னால் போனது. பழங்கள் ஒவ்வொன்றாக நசுங்கின. நான் நிறுத்தவில்லை. வாசல் தாண்டி, பண்ணை தாண்டி, ரோடு வரை போய்த் திரும்பி வந்தேன். போகிற வழியில் உள்ளே இருந்த தண்ணிக்காரன் ஒரு மடையை அடைத்து இன்னொன்றைத் திறந்தான். ஒரு சின்னக் குலுக்கல், அவ்வளவுதான். நான் தனியாக உட்கார்ந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

வெள்ளகோவில் வரைக்கும்

வெள்ளகோவிலில் ஒரு தோட்டத்துக்குக் கன்று கொடுக்க ஒத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் லோடு ஏற்றினோம். கிளம்பும்போது அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

இத்தனை வருஷத்தில் நான் ஓட்டி அவர் வந்ததே இல்லை. தூரமான ஊர் என்றால் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வருவார். கேட்டால், "எனக்கும் அந்தப் பக்கம் ஒரு சோலி இருக்குது" என்பார். அந்தச் சோலி என்னவென்று எனக்குத் தெரியும். நான் எங்காவது கவிழ்ந்தால் தூக்குவதற்கு ஆள் வேண்டும் அல்லவா.

"ரோட்டைப் பார்த்துக்கறேன். புது பாக்ஸு" என்றார்.

நெகமம் வரை பார்த்தார். "மெதுவா, மெதுவா" என்று நாலு தடவை. சுல்தான்பேட்டையில் ஒரு லாரி எதிரே வந்தபோது அவர் வலது கால் தரையில் பிரேக்கை மிதித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டேன். பல்லடத்தில் டீ குடித்தோம். அதற்குப் பிறகு காற்று, எஞ்சின் சத்தம், பின்னால் கன்றுகளின் ஓலை உரசுகிற சத்தம். மெதுவா என்ற குரலைக் காணோம். திரும்பிப் பார்த்தேன்.

அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். தலை ஜன்னல் சட்டத்தில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கைகள் மடியில் மலர்ந்து கிடந்தன.

என் வாழ்க்கையில் எனக்கு எத்தனையோ பேர் பாராட்டு சொல்லியிருக்கிறார்கள். ஒரு தடவை மேடையில் சால்வைகூடப் போட்டார்கள். அன்றைக்கு அந்த ரோட்டில் வந்த சந்தோஷம் எதிலும் வந்ததில்லை. கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு ஓட்டினேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் வேகத்தைக் குறைத்து, கன்றுக்குக்கூட அப்படிப் பார்த்ததில்லை, பூப்போல ஏற்றி இறக்கினேன்.

எங்கேயோ ஒரு பஸ் ஹாரன் அடித்ததில் அவர் விழித்துக்கொண்டார். வெளியே பார்த்தார். சோளக்காடும் வேலியும் ஓடின.

"எங்க இருக்கறோம் கண்ணு?"

"காங்கேயம் தாண்டியாச்சுங்ணா."

"சரி" என்றார். துண்டைச் சுருட்டிக் கழுத்துக்குக் கீழே வைத்துக்கொண்டார். "வெள்ளகோவில் வந்ததும் எழுப்பு."